போனை நெஞ்சில் வைத்து இதயத் துடிப்பு பார்ப்பது: கல்முனைத் தம்பிக்கு

தம்பி, அப்பாவின் நெஞ்சில் போனை வைத்து ஆப்பால் அளந்தால் ஒரு நாள் 'ஒழுங்கற்ற துடிப்பு' என்கிறது, மறுநாள் சரி என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் தாளமில்லாமல் துடிப்பது, பலருக்கு வந்து வந்து போகும்.

இது ஏமாற்று வேலை இல்லை. இதயம் அடிக்கும்போது நெஞ்செலும்பு மிக நுண்ணியதாக அதிரும், அதைப் போனுக்குள் இருக்கும் அசைவு உணரி பிடிக்கிறது. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக ஆட்கள் 300 நோயாளிகளிடம் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அந்தத் துடிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு 95 பேர் வரை சரியாகப் பிடிபட்டார்கள். ஆனால் அது அசையாமல் படுத்திருந்தவர்களிடம். அப்பா கதைத்தாலோ, இருமினாலோ, வாசலால் பஸ் போய்க் கட்டில் அதிர்ந்தாலோ கணக்குப் பிழைக்கும். தடித்த கவரைக் கழற்றி, நெஞ்செலும்பின் மேல் நேரே வையுங்கள். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியும் பாருங்கள், தாளமே இல்லாமல் அடித்தால் உங்களுக்கே விளங்கும்.

எப்படியானாலும் இந்த வாரமே ஈசிஜி எடுங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. திகதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷொட்டுகளையும் டொக்டரிடம் காட்டுங்கள். ஈசிஜி சரியாக வந்தால் அதோடு விடாமல் ஹோல்டர் என்ற உடம்பில் மாட்டும் கருவி பற்றிக் கேளுங்கள், அது ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதியும். இந்தத் துடிப்பால் இரத்தம் கட்டிப் பக்கவாதம் வரலாம், அதற்காக நீங்களாக அஸ்பிரின் தொடங்க வேண்டாம்.

மாரடைப்பை இந்த ஆப் காட்டாது. நெஞ்சுவலி, மூச்சு முட்டல், வாய் கோணல் என்றால் போனை நெஞ்சில் வைக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.