இருட்டுக்குள்ளதான் ரெண்டாவது படம்: கெமரா கேள்வி பதில்

போன இதழ்ல வடமோடிக் கூத்து (நம்மட மட்டக்களப்புப் பக்கத்து நாட்டுக்கூத்து) ஆடுற ஒருத்தர்ட போட்டோ ஒண்டு போட்டிருந்தம், கிரீடம் வெச்ச பக்கவாட்டு முகம், முகத்துக்குள்ள முழுக்கத் தென்னோலை. அதுல இருந்து கடிதமும் வாட்ஸ்அப்புமா வந்து குவியுது, பாதிப்பேர் "எப்பிடி", மீதிப்பேர் "போட்டோஷொப்தானே, சும்மா பொய் சொல்லாதீங்க". அதால இந்தமுறை வேற கேள்வி ஒண்டும் எடுக்கல்ல. லென்ஸ்ல பூஞ்சணம் பிடிச்ச வாழைச்சேனைத் தம்பி அடுத்த இதழ் வரைக்கும் பொறுக்கோணும்.

அண்ண, அந்தக் கூத்துக்காரர்ட முகத்துக்குள்ள ஓலை எப்பிடி வந்த? கெமராவுக்குள்ளயே செஞ்சதெண்டு எழுதியிருந்தீங்க, நம்ப ஏலாம இரிக்கு.
*வாசகர், களுவாஞ்சிகுடி*

நம்புங்க தம்பி. ரெண்டு தரம் கிளிக் பண்ணின, கெமரா ரெண்டையும் ஒரே படமாச் சேர்த்துத் தந்த, அவ்வளவுதான். ஆனா "ரெண்டு படத்த ஒண்டுக்கு மேல ஒண்டு வெக்கிற" எண்டு நினைச்சுக்கொண்டு போனீங்களெண்டா ஒருநாளும் சரிவராது, நான் ரெண்டு மூணு வருசம் அப்பிடித்தான் மினக்கெட்ட.

வெளிச்சம் எண்டுறது கூட்டல் கணக்கு. முதல் கிளிக்ல வெளிச்சம் விழுந்து வெள்ளையாப்போன இடத்துல ரெண்டாவது கிளிக்ல என்ன விழுந்தாலும் தெரியாது, அங்க இடமில்ல, நிரம்பிட்டு. முதல் கிளிக்ல கறுப்பா இருந்த இடம் வெறும் பானை மாதிரி, அதுக்குள்ளதான் ரெண்டாவது படம் போய் உட்காரும். அதால முதல் படத்துல ஆள்ட முகம் நல்லா விழுந்திருக்கா எண்டு பாக்கப்படாது, எங்க இருட்டு இரிக்கு, அந்த இருட்டுக்கு என்ன வடிவம் எண்டுதான் பாக்கோணும்.

அந்தக் கூத்துக்காரர், அண்ணாவியார் (கூத்துப் பழக்குறவர்), அவர விடிய வெள்ளன கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போன. கிரீடத்தோட பக்கவாட்டா நிப்பாட்டி, பின்னால வெளிச்ச வானம், முகத்துல ஒரு துளி வெளிச்சமும் படாம. வானத்துல ஸ்பொட் மீட்டர் (ஒரு சின்ன இடத்துட வெளிச்சத்த மட்டும் அளக்கிறது) பிடிச்சு அது சொல்றத விட 2 ஸ்டொப் கூட வெச்ச (ஒரு ஸ்டொப் கூட்டினா வெளிச்சம் ரெண்டு மடங்கு), வானம் வெள்ளைக் கடதாசி மாதிரிப் போயிட்டு, ஆள் கரிக்கட்டை. (முகத்துல மூக்கு, கன்னமெல்லாம் தெரியத் தொடங்கினா கொஞ்சம் குறைங்க.) மறுகா சூரியன் ஏறினதும் அங்கால இருந்த தென்னைக்குத் திரும்பி, வெயில் நேரா விழுந்த ஓலைய ஃபிரேம் நிரம்ப எடுத்த. ஓலைக்கு இடையில வானம் தெரிஞ்ச இடமெல்லாம் வெள்ளையாகி, அவர்ட பின்மண்டை அப்பிடியே வானத்தோட கரைஞ்சு போன மாதிரி வந்திரிக்கே, அத நான் யோசிச்சுச் செய்யல்ல, தானா வந்த.

இன்னொண்டு, நம்மட ஊருக்கு இந்த வேலை பொருந்தின மாதிரி வேற ஊருக்குப் பொருந்துமா தெரியா. வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, அங்கால படுவான்கரை எண்டு கரைக்கே சூரியன வெச்சுத்தானே பேர். எழுவான்கரையில நிண்டா விடிய கடல் பக்கம் சூரியன், பின்னேரம் வாவிக்கு மேல படுவான்கரைப் பக்கமா இறங்கும். ரெண்டு நேரமும் ஆளுக்குப் பின்னால மலை, கட்டடம் ஒண்டும் இல்லாத வெறும் வானம் கிடைக்கும், ஸ்டூடியோவுல வெள்ளைத் துணி கட்டி ரெண்டு லைட் அடிக்கிற வேலைய வாவி சும்மா செஞ்சு தருது.

என்ட கெமராவுல இந்த ஒப்ஷன் இரிக்கா எண்டு எப்பிடிப் பாக்கிற?
*பலபேர்*

மெனுக்குள்ள "மல்ட்டிபிள் எக்ஸ்போஷர்" எண்டு தேடுங்க. கனன்ல 5டி மார்க் 3, 6டி, 70டி, 80டி எல்லாத்துலயும் இரிக்கு, ஒரு படத்துக்குள்ள 9 வரைக்கும் சேர்க்கலாம். 1300டி வெச்சிருக்கிற ஆக்கள் தேட வேணா, இல்ல. நிக்கோன்ல டி7100, டி7200, டி750ல 2 அல்லது 3, டி850ல 10 வரைக்கும். நிக்கோன்ட சின்னக் கெமரா சிலதுல இது இல்லாட்டியும் ரீடச் மெனுக்குள்ள "இமேஜ் ஓவர்லே" எண்டு ஒண்டு கிடக்கும், ஏற்கனவே எடுத்த ரெண்டு ரோ ஃபைல (ஜேபெக் ஆக்காத மூலப் படம்) கெமராவே சேர்த்துத் தரும், அதுவும் மோசமில்ல. பியூஜியில எக்ஸ்-டி வரிசையில இரிக்கு. சோனி ஏ6000, ஏ7 ஆக்கள் என்னக் கோவிக்காதீங்க, அந்த மெனுக்குள்ள இத வெக்கல்ல.

கனன்ல எனக்குப் பிடிச்ச விசயம், முதல் படத்த இண்டைக்கே எடுக்கோணுமெண்டு இல்ல. அதே கெமராவுல எடுத்த பழைய ரோ ஃபைல் கார்ட்ல கிடந்தா அத முதல் படமாத் தெரிவு செஞ்சு, லைவ் வியூவுல (பின்னால உள்ள ஸ்கிரீன்ல பாத்து எடுக்கிறது) அதுக்கு மேலயே ரெண்டாவதப் பாத்துப்பாத்து எடுக்கலாம். நிக்கோன் டி7200 மாதிரிக் கெமராவுல அப்பிடி ஏலா, முதல் கிளிக் அடிச்சுப்போட்டு ரெண்டாவதத் தேடி அலைஞ்சுகொண்டு இருந்தா கெமரா கொஞ்ச நேரம் பாத்துட்டுத் தன்பாட்டுல முடிச்சுரும். அதால நிக்கோன் ஆக்கள் ரெண்டு படத்துக்கும் இடத்த முதலே பாத்து வெச்சிட்டு வேலையத் தொடங்குங்க.

செஞ்சு பாத்தன் அண்ண, முகமும் இல்ல, மரமும் இல்ல, சாம்பல் கலர்ல கஞ்சி மாதிரி வருது. என்ன பிழை?
*வாசகர், செங்கலடி*

கஞ்சி! சரியான சொல்லு. ரெண்டு காரணத்துல ஒண்டுதான்.

ஒண்டு, நீங்க ஆவரேஜ் மோட்ல எடுத்திருப்பீங்க. அதுல கெமரா ரெண்டு படத்துட வெளிச்சத்தையும் பாதிப்பாதியாக் குறைச்சுச் சேர்க்கும், வெள்ளை வானம் பாதி, ஓலை பாதி, ஆகக் கடைசியில எல்லாம் சாம்பல். கரிக்கட்டை உருவத்துக்கு அடிட்டிவ் மோட்தான் வேணும், அது குறைக்காம அப்பிடியே கூட்டும், அதுல வெள்ளை வெள்ளையாவே நிக்கும். நிக்கோன்ல இதுக்குப் பேர் வேற, "ஓட்டோ கெய்ன்", அது ஓன்ல இருந்தா ஆவரேஜ் மாதிரி, ஓஃப்ல போட்டா அடிட்டிவ் மாதிரி. கடையில இருந்து வரக்குள்ள ஓன்லதான் வரும், அதத்தான் ஆக்கள் கவனிக்கிறல்ல.

அடிட்டிவ்ல ஒரு கணக்கு இரிக்கு. ரெண்டு படமும் நல்ல வெளிச்சமான, ஒண்டுக்கு மேல ஒண்டு விழுற படமெண்டா ஒவ்வொண்டையும் மைனஸ் 1 ஸ்டொப்ல எடுங்க, 4 படமெண்டா ஒவ்வொண்டும் மைனஸ் 2. ஒரு ஸ்டொப் எண்டா வெளிச்சம் பாதி, ரெண்டு பாதி சேர்ந்தா ஒண்டு, கடைக் கணக்குத்தான். கரிக்கட்டை உருவத்துக்கு இந்தக் கழித்தல் தேவையில்ல, அங்க ஒண்டும் விழல்லயே கழிக்க.

ரெண்டாவது காரணம், ரெண்டு படத்துலயும் சாமான் கூட. நான் ஒருக்கா எங்கட சந்தைக்குள்ள மீன் விக்கிற அம்மா ஒராள எடுத்து அதுக்குள்ள சந்தையையே போட்டன், பெரிய கெட்டித்தனமெண்டு நினைப்பு. வீட்ட கொண்டுபோய்க் காட்டினா பொஞ்சாதி போட்டோவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இதுல எது மேல் பக்கம்?" எண்டு கேட்டா. அதுக்குப் பிறகு ரெண்டாவது படம் எப்பவும் ஒரே சாமான்தான்: ஓலை, வலை, கதிர் வந்த வட்டை (வயல்), பன்பாய்ட பின்னல், இப்பிடி ஏதும் ஒண்டு.

நானா, எங்கட உம்மா கைத்தறியில நெய்யிறவ. அவட முகத்தையும் தறியையும் சேர்த்து ஒண்டு செய்ய ஆசை. ஆனா கறுப்பு உருவமா எடுத்தா அது ஆரெண்டே தெரியாதே, உம்மாட கண்ணு தெரியோணும்.
*வாசகி, மருதமுனை*

தங்கச்சி, வந்த கேள்வியிலேயே இதுதான் கேள்வி. கரிக்கட்டை உருவம் லேசு, பாத்த உடன "ஆ" எண்டு சொல்லவும் வெக்கும், ஆனா பத்துப் போட்டோ பாத்தா எல்லாம் ஒரே ஆள் மாதிரி. முகம் தெரியிற போட்ரேட்தான் கஷ்டம், அதுதான் நிக்கும்.

உம்மாவ ஜன்னலுக்குப் பக்கத்துல இருத்துங்க, ஜன்னல் அவட ஒரு பக்கத்துக்கு வரோணும். பின்னால கறுப்புத் துணி, இல்லாட்டி வெளிச்சமே போகாத அறைக் கதவு ஒண்டத் திறந்து வெச்சு அதுக்கு முன்னால இருத்தினாலும் காணும். பாதி முகத்துல வெளிச்சம், மத்தப் பாதி இருட்டு. வெளிச்சப் பக்கத்துக் கண்ணு உங்கட, அத ஒருத்தரும் தொடப்படாது. இருட்டுப் பாதியும் பின்னால உள்ள கறுப்பும்தான் தறிக்கு. முக்காடு கறுப்பாப் போடச் சொல்லுங்க, வெள்ளை முக்காடெண்டா அதுல ஒரு நூலும் விழாது.

மறுகா தறி. இங்கதான் ஆக்கள் பிழை விடுற. தறி முழுக்க வெளிச்சமா எடுத்தா உம்மாட கண்ணுக்கு மேலயும் நூல் விழுந்து கண்ணு வெளிறிப்போகும். முதல் படத்துல கண்ணு இருந்த இடத்துல ரெண்டாவது படத்துல இருட்டு வரோணும். பாவு நூல் (தறியில நீளப்பாட்டுக்கு ஓடுற நூல்) மட்டும் வெயில்ல மினுங்குற மாதிரி, நூலுக்குப் பின்னால இருட்டா இருக்கிற பக்கத்துல நிண்டு எடுங்க, நூல் முடியிற இடம் கண்ணுக்கு இங்காலயே நிக்கட்டும். லைவ் வியூவுல முதல் படம் தெரியாத கெமரா எண்டா ஸ்கிரீன்ல கட்டம் போட்டு, கண்ணு எந்தக் கட்டத்துல வந்தெண்டு ஒரு துண்டுல கீறி வெச்சுக்கொள்ளுங்க. நான் இன்னும் கீறித்தான் எடுக்கிற, வெக்கமில்ல.

முதல் நாளே சரிவராது, 20, 30 எடுக்க வேண்டிவரும், உம்மாவுக்குப் பொறுமை இருக்கோணும். எடுத்ததுல ஒண்டு எனக்கும் அனுப்புங்க.

எங்கட பழைய அல்பத்துல ஒரு போட்டோவுல பெரியப்பாக்குப் பின்னால ஒரு உருவம் நிக்குது. பேய் எண்டு வீட்டுல சொல்றாங்க.
*10ம் ஆண்டு மாணவன், திருக்கோவில்*

பேயில்ல மனே, பெரியப்பா ஃபில்ம் சுத்த மறந்திரிக்கார். பழைய பெட்டிக் கெமராக்கள்ல சுத்தாட்டியும் திரும்ப கிளிக் அடிக்க விடும், ரெண்டு பேரும் ஒரே ஃபிரேம்ல விழுந்துருவாங்க. இத வெச்சுக் காசு உழைச்ச ஆளும் இருந்திரிக்கார், அமெரிக்காவுல வில்லியம் மம்லர் எண்டு, 1860களில செத்தவங்கட உருவத்தோட போட்டோ எடுத்துத் தாறன் எண்டு சொல்லி. 1869ல நியூயோர்க்ல மோசடி வழக்குப் போட்டாங்க, நிரூபிக்க ஏலாமப்போய் தப்பிட்டார்.

போட்டோஷொப்ல 5 நிமிசத்துல செய்யலாமே, ஏன் இவ்வளவு கரைச்சல்?
*வாசகர், அக்கரைப்பற்று*

செய்யலாம். நானும் கலியாண அல்பத்துக்குச் செய்யிறன், மாப்பிள்ளை பொம்பிளை ரெண்டு பேரும் சிரிச்சா வாசி எண்டு அதுல முகத்தையே மாத்தித் தாற காலம். கெமராவுக்குள்ள செஞ்சாத்தான் கலை, மத்ததெல்லாம் களவு எண்டு சொல்ற ஆளில்ல நான். கொழும்புல லயனல் வென்ற் எண்டு ஒருத்தர், 1900ல பிறந்து 1944ல செத்தவர், நம்மட நாட்டுல போட்டோவக் கலையாச் செஞ்ச ஆக்கள்ல முதல் வரிசை, அவரும் இருட்டறைக்குள்ள வேற வேற படங்களச் சேர்த்து ஒண்டாக்கினவர்தான். இப்ப அவரையும் களவெண்டு சொல்றதா?

எனக்கு வித்தியாசம் என்னெண்டா, கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கக்குள்ள ஆள் பக்கத்துல இல்ல. கெமராவுல செய்யக்குள்ள முதல் படத்துக்கும் ரெண்டாவதுக்கும் இடையில அந்த ஆளோட கதைச்சுக்கொண்டு நடக்கிறம், அந்த நடையிலதான் ரெண்டாவது படம் என்னெண்டு தெரியவரும். அண்ணாவியாருக்குள்ள நான் போட நினைச்சது மத்தளம், ஓலை இல்ல. ஓலைய அவர்தான் காட்டின, "சின்னனுல இந்த ஓலையக் கிழிச்சுத்தான் மகன் எங்களுக்குக் கிரீடம் கட்டுற" எண்டு.

அப்பாட பென்ராக்ஸ் கே1000 இரிக்கு, ஃபில்ம்ல செய்ய ஏலுமா?
*வாசகர், ஆரையம்பதி*

தாராளமா. முதல் கிளிக் அடிச்சதும் ரீவைண்ட் நொப்ப மெல்லமாத் திருகி ஃபில்ம இறுக்கி, அத விடாமப் பிடிச்சுக்கொண்டு, அடியில உள்ள சின்ன ரீவைண்ட் பட்டன அமத்திக்கொண்டு லீவர இழுங்க. ஷட்டர் ஏறும், ஃபில்ம் நகராது. ஒரு நூல் அளவு விலகும், அதுக்கு அழ வேணா. நிக்கோன் எஃப்எம்2 கையில இருந்தா இதுக்கெண்டே ஒரு லீவர் இரிக்கு.

சுனாமியில எங்கட அப்பா போயிட்டார், அவர்ட ஒரேயொரு போட்டோதான் மிச்சம், அதுலயும் தண்ணிக் கறை. தங்கச்சிக்குக் கலியாணம் வருது, அவளையும் அப்பாவையும் ஒரே போட்டோவுல கொண்டுவர ஏலுமா?
*பேர் வேணா, மட்டக்களப்பு*

ஏலும். முதல்ல அம்மாட்டக் கேளுங்க, தங்கச்சிட்டயும். சில ஆக்களுக்கு இது ஆறுதல், சில ஆக்களுக்குத் திரும்ப அந்தக் காலமைய அவிழ்க்கிற மாதிரி, அவங்க வேணாமெண்டா அதோட விடுங்க.

சம்மதமெண்டா இப்பிடிச் செய்யுங்க. பழைய போட்டோவக் கறுப்புத் துணியில சமமா வெச்சு, ஜன்னல் வெளிச்சத்துல, பிளாஷ் போடாம. பழைய ஸ்டூடியோ போட்டோவுல பெக்ரவுண்ட் வெளிறினதா இருக்கும், அப்பிடியே எடுத்தா அந்த வெளிறல் தங்கச்சிட முகத்துல விழுந்து அழிச்சுரும். அதால கறுப்பு மட்டை ஒண்டுல அப்பாட முகம், தோள் அளவுக்கு ஓட்டை வெட்டி போட்டோக்கு மேல வெயுங்க. போட்டோவ வெட்டாதீங்க, கவனம். அப்பா ஃபிரேம்ட ஒரு பக்கம் வரட்டும். மறுகா தங்கச்சியக் கறுப்புத் துணிக்கு முன்னால நிப்பாட்டி மத்தப் பக்கமா எடுங்க, அடிட்டிவ் மோட். முகம் ரெண்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு வராட்டி வெளிச்சம் குறைக்கத் தேவையில்ல, அவட தோள் அப்பாட தோளோட சேருற இடம் மட்டும் கொஞ்சம் கலங்கித் தெரியும், அது அப்பிடியே இருக்கட்டும்.

கறையச் சுத்தம் பண்ணட்டா எண்டு ஒரு ஸ்டூடியோவுல கேட்டாங்களாம் எண்டு எழுதியிருந்தீங்க. நான் எண்டா பண்ணமாட்டன். கலர் எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திட்டா கறையும் நிழல் மாதிரி நிண்டுரும். கெமரா இல்லாட்டி எங்கட கடைக்கு வாங்க, அந்தப் போட்டோவ ஆர்ட கையிலயும் குடுத்துவிடாம நீங்களே கொண்டு வாங்க.

உங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோ மங்கலா இரிக்கெண்டு சொன்னீங்க, கெமரா பிழையா?
*வாசகர், ஏறாவூர்*

கெமரா பாவம், வாட்ஸ்அப் சுருக்கிப்போட்டிரிக்கு. டொக்கியுமெண்டா அனுப்புங்க.