கடற்பாசிக் கட்டும் நுங்கும்

கேள்வி: அம்மாவுக்குச் சலரோகம், குதிக்காலில் நீர் வடியும் புண். கனடாவிலிருந்து தம்பி கடற்பாசியில் செய்த பஞ்சு மாதிரிக் கட்டு அனுப்பினான். பிரித்தால் பழுப்பாக வழுவழுவென்று, ஒரு மணமும். சீழ் என்று பயந்து நிறுத்திவிட்டோம். கரையில் ஒதுங்கும் சாதாழையை அரைத்துக் கட்டச் சொல்கிறார்கள் அயலவர்கள். கட்டலாமா?
ஒரு மகள், சாவகச்சேரி

பதில்: பெரும்பாலும் அது சீழ் இல்லை, தங்கச்சி. அந்தப் பஞ்சு கல்சியம் அல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியின் கலச்சுவரில் இருக்கும் பல்பகுதியத்தை, அதாவது சிறு அலகுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட மூலக்கூறை, சோடாக் கரைசலில் கரைத்து வடித்து, நுண்துளைகள் வழியே கல்சியம் குளோரைட்டுக்குள் விட்டால் நூலாக உறையும். புண்நீரிலுள்ள சோடியம் நூலுக்குள் போக, கல்சியம் வெளியே வர, நூல் களியாகிவிடும். அதன் வேலையே அதுதான். வார்ட்டில் புதிதாகச் சேரும் தாதியரும் முதலில் திடுக்கிடுவார்கள்.

சேலைனால் கழுவிவிட்டுப் புண்ணைப் பாருங்கள். அப்புறமும் நாற்றம் இருந்தால், சுற்றிவரச் சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சலரோகத்தில் காலின் உணர்ச்சி குறையும். "நோகவில்லை" என்று அம்மா சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

நீர் வடிவது நின்றால் இந்தக் கட்டையும் நிறுத்துங்கள், காய்ந்த புண்ணில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் புண்ணைக் காற்றாடத் திறந்து விடவும் வேண்டாம். 1962இல் ஜோர்ஜ் விண்டர் பன்றிகளில் செய்த ஆய்வில், மூடி ஈரமாக வைத்த மேற்காயங்களில் தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகமாக மூடியது. எந்தக் கட்டு பொருந்தும் என்பதைக் கிளினிக்கில் புண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

சாதாழை தோட்டத்துக்கு நல்ல பசளை. புண்ணுக்கு வேண்டவே வேண்டாம். மணல், உப்பு, கிருமி எல்லாம் அதில் இருக்கும். கற்றாழையும் அப்படித்தான், மடல் வெட்டிய கத்தியின் அழுக்கும் சேர்ந்து போகும்.

இன்னொன்று. அந்தக் குதிக்காலை ஊன்றி நடந்தால் எந்தக் கட்டுப் போட்டும் புண் ஆறாது. நல்லூர்த் திருவிழாவில் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து கொப்புளத்தோடு வந்தவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன். இந்த வருடம் அம்மா வீட்டிலிருந்தே கும்பிடட்டும்.

கேள்வி: உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கிறேன். பனையிலிருந்து இப்படி ஒரு கட்டுச் செய்யலாமா?
மாணவன், கைதடி

பதில்: கட்டாயம் முயன்று பார்க்க வேண்டிய விஷயம், தம்பி. நுங்கில் இருக்கும் கலக்டோமனன் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பல்பகுதியம். பனை ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆசிரியரோடு போய்ப் பேசுங்கள். ஆனால் தண்ணீரைப் பிடித்தால் மட்டும் போதாது. சர்க்கரையும் புரதமும் நீங்கச் சுத்திகரிக்க வேண்டும், கிருமி நீக்கும்போது சிதையக்கூடாது, வளரும் தோற்கலங்களைக் கொல்லக்கூடாது. முதற்படியைப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே செய்யலாம். நுங்கை அரைத்து வடித்த நீரில் எதனோலைச் சேர்த்தால் அந்தப் பல்பகுதியம் வெள்ளையாகப் பிரிந்து வரும். அதை யாருடைய காயத்திலும் பூசிப் பார்க்க வேண்டாம்.