எழுதிக் கொடுங்கள், சீல் வாங்குங்கள்: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோருக்குச் சில பதில்கள்

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்குப் பெருமூளை வாதம். இப்போது 17 வயது, போன வருஷம் பத்தாம் வகுப்பு எழுதி முடித்தான். நான் வக்கீலும் இல்லை, டீச்சரும் இல்லை. அவனுக்காகப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் என்று பதிமூன்று வருஷம் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். குமுளி மலைக்கு மேலே கேரளத்திலும் கீழே தமிழ்நாட்டிலும் இருக்கிற பெற்றோர் கேட்டவற்றுக்கு இங்கே பதில். பெயர்களை விட்டுவிட்டேன்.

அக்கா, மகளுக்கு ஏழு வயது, டவுன் சிண்ட்ரோம். குமுளியில் பக்கத்துப் பள்ளியில் கேட்டதற்கு, "இவளைப் பார்த்துக்க இங்க ஆள் இல்லை, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நான் ஜீப் ஓட்டுகிறேன். தினமும் தூரமாகக் கொண்டுபோய் விட முடியாது.

தம்பி, நீங்கள் வாயால் கேட்டீர்கள், அவர்களும் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு யாராவது விசாரித்தால் "அவர் வரவே இல்லையே" என்று சொல்லிவிடலாம். எனக்கு அதுதான் நடந்தது. ஒரு பள்ளியில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், அதிகாரி கேட்டபோது அப்படி ஒரு பையனையே பார்த்ததில்லை என்றார்கள். நான்காவது தடவை ஒரு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதில் 31-வது பிரிவு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை என்கிறது, அது அருகிலுள்ள பள்ளியிலா சிறப்புப் பள்ளியிலா என்பது குழந்தையின் விருப்பம் என்றும் சொல்கிறது. பள்ளியின் விருப்பம் அல்ல. 16-வது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளியோடு அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கும் பொருந்தும், பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. இவையெல்லாம் மத்தியச் சட்டங்கள். மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒன்றுதான்.

கடிதத்தை நீட்ட வேண்டாம். மகளின் பெயர், பிறந்த தேதி, எந்த வகுப்பு, எந்தத் தேதியில் வந்து கேட்டோம், யார் என்ன சொன்னார்கள், கடைசியில் "சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் பேச்சே மாறும். எங்கள் ஹெச்.எம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, இரண்டாம் தடவை படித்தார். அப்புறம்தான் "உட்காருங்கம்மா" என்றார். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுங்கள், மற்றதில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் உங்கள் பக்கம் ஏ.இ.ஓ.விடம் (உதவிக் கல்வி அலுவலர்) போங்கள், எங்கள் பக்கம் என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். ஆளை வரவழைத்து விசாரிக்க அவருக்கு சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு.

மகனுக்கு நாலு வயது. ஆட்டிசமாக இருக்கலாம் என்கிறார்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் வாழ்நாள் முழுக்க முத்திரை விழுந்துவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

அந்தப் பயம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அந்தப் பயத்திலேயே இரண்டு வருஷம் போனது, பயிற்சிக்கு ரொம்ப முக்கியமான இரண்டு வருஷம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. சான்றிதழ் ஒரு சாவி மாதிரி. வேண்டிய இடத்தில் காட்டலாம், வேண்டாத இடத்தில் பைக்குள்ளேயே இருக்கட்டும். பயிற்சிக்குச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று அரசு ஆஸ்பத்திரிக் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள், இந்த வாரமே போங்கள்.

மகள் ஒன்பதாவது, வண்டிப்பெரியார் பக்கம். நன்றாகப் பேசுவாள், எழுத்துதான் வரவில்லை. தமிழ், மலையாளம், இங்கிலீஷ், இந்தி என்று நாலு மொழி. பரீட்சையில் சலுகை உண்டா?

உண்டு. இப்போதே ஆரம்பியுங்கள். பத்தாவது வந்தபின் ஜனவரியில் ஓடினால் வேலைக்கு ஆகாது.

நீங்கள் சொல்வது கற்றல் குறைபாடு மாதிரி இருக்கிறது. அது மாற்றுத்திறனாளிகளுக்கான பழைய 1995 சட்டத்தில் இல்லை. அதில் ஏழு வகைதான். 2016 சட்டம் 21 வகையாக ஆக்கியபோதுதான் இது உள்ளே வந்தது. அதனால்தான் பழைய ஆசிரியர்கள் சிலர் இன்னும் "சோம்பேறி, கவனம் இல்லை" என்கிறார்கள். பிள்ளையும் அதை நம்ப ஆரம்பித்துவிடுகிறது. 17-வது பிரிவில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று மூன்றையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எல்லையில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த மூன்றாவது பெரிய விஷயம். மத்திய அரசின் வழிகாட்டுதலில் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்று இருக்கிறது, மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் வரும். ஆனால் உங்கள் தேர்வு வாரியத்தின் விதியை ஹெச்.எம்.மிடம் கேட்டு, அதன்படி சான்றிதழும் விண்ணப்பமும் கொடுங்கள். விலக்கு வாங்குவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். பின்னால் படிக்க நினைக்கிற இடத்தில் அந்த மொழியைக் கேட்பார்களா? மகளையும் உட்கார வைத்துப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

சொல்வதை எழுதுபவர் கிடைத்துவிட்டால் போதும் என்று நானும் நினைத்தேன். என் மகன் முதல் தடவை பயிற்சிக்கு உட்கார்ந்தபோது கேள்வி மழை மறைவுப் பகுதி பற்றியது. அவன், "மேகம் மலையில முட்டி அந்தப் பக்கமே கொட்டிரும், நம்ம பக்கம் காஞ்சு கிடக்கும்" என்று சொன்னான். சரியான பதில். எழுத வந்த பெண் அதைப் புத்தக வாக்கியமாக மாற்றி எழுதினாள், நல்ல எண்ணத்தில்தான். திருப்பிப் படித்துக் காட்டியதும் அவன் முகம் சுருங்கிவிட்டது, "இது நான் சொன்னது இல்லை" என்றான், அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஆறு மாதம் வாரம் இரண்டு நாள் பழகினோம். அவன் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும், எழுதுபவர் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது, பத்தி முடிந்ததும் படித்துக் காட்ட வேண்டும். கணக்கில் "அடுத்த வரி, சமம்" என்று சொல்லப் பழகுவதற்கே ஒரு மாதம் ஆனது. உங்கள் மகள் வாய் நன்றாகப் பேசுகிறவள், சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

சிறப்பு ஆசிரியர் வாரம் ஒருநாள்தான் வருகிறார். வந்து நோட்டில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ?

கோபித்துக்கொள்ளாத மாதிரிக் கேட்கலாம். அவர் ஒரே ஆளாகப் பல பள்ளிகளுக்கு அலைகிறவர், அவரை எதிரியாக்கினால் நஷ்டம் நம் பிள்ளைக்குத்தான். 2021-ல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சொல்லியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை பற்றிய புகாரை அந்தத் தீர்ப்பைக் காட்டி மேலே எழுதுங்கள், அவர்மேல் எழுதாதீர்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது தனிநபர் கல்வித் திட்டம். "இந்த மூன்று மாதத்தில் இவன் எதைக் கற்றுக்கொள்ளப் போகிறான், எழுதிக் கொடுங்கள் சார், வீட்டிலும் அதையே செய்கிறேன்" என்று கேளுங்கள். "படிப்பில் முன்னேற்றம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். "பாத்ரூம் போக வேண்டும் என்று படத்தைக் காட்டி, ஐந்தில் நாலு தடவை தானாகக் கேட்பான்" என்று இருக்க வேண்டும். நடந்ததா இல்லையா என்று யாரும் பார்த்துச் சொல்லலாம் இல்லையா, அதுதான் குறிக்கோள்.

வகுப்பில் மகனை பெஞ்சோடு துப்பட்டாவால் கட்டி வைத்திருந்தார்கள். கேட்டால் "ஓடிவிடுகிறான், என்ன செய்ய" என்கிறார்கள்.

படிக்கும்போதே கை நடுங்கியது அம்மா. இதற்குப் பொறுமை வேண்டாம். உடம்பில் தடம் இருந்தால் இன்றே போட்டோ எடுங்கள், அரசு டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்குங்கள். கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளியைத் தாக்கினாலோ, நாலு பேர் பார்க்க வேண்டுமென்றே அவமானப்படுத்தினாலோ 2016 சட்டத்தின் 92-வது பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், போலீசிலும் எழுதிக் கொடுங்கள். ஓடுகிற பிள்ளை ஏன் ஓடுகிறான் என்று பார்ப்பது பள்ளியின் வேலை. சத்தமா, வெயிலா, பசியா என்று பார்க்க வேண்டும், கட்டிப் போடக் கூடாது.

வேலை மாறி, நடு வருஷத்தில் கட்டப்பனையிலிருந்து உத்தமபாளையம் வருகிறோம். எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?

வேண்டாம். டி.சி. தாமதம் என்று காரணம் காட்டி, எட்டாம் வகுப்பு வரை சேர்க்க மறுக்கக் கூடாது. தேசிய அடையாள அட்டையான யூ.டி.ஐ.டி. இந்தியா முழுக்கச் செல்லும், முகவரி மட்டும் மாற்றுங்கள். மாநில உதவித்தொகை மட்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குத் தேனியில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கிருந்து கிளம்புவதற்கு முன் பி.ஆர்.சி.யில் (வட்டார வள மையம்) மகனின் பழைய பயிற்சிக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். வந்தபிறகு அதற்காக மலை ஏறுவது பெரும்பாடு.

மகனுக்கு 18 ஆகப்போகிறது, அறிவுசார் குறைபாடு. பேங்கில் கார்டியன் பேப்பர் கேட்கிறார்கள்.

1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நாலுக்கும் இது பொருந்தும். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

அக்கா, நான் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறேன். எனக்கு எழுதத் தெரியாது. பள்ளி மீட்டிங்கில் மலையாளத்தில் பேசுகிறார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன். எழுதிக் கொடு எழுதிக் கொடு என்கிறீர்களே, நான் என்ன செய்வது?

தங்கச்சி, இந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அண்ணன் மகளோ, யூனியன்காரரோ, யாராக இருந்தாலும் சரி. தலையாட்டாதீர்கள். "தமிழில் சொல்லுங்கள், புரியவில்லை" என்று சொல்லலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில், மாநில அரசின் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்று கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் மனுவை மலையாளத்தில் எழுத ஆள் தேட வேண்டாம்.

உங்கள் பிள்ளை எப்போது சிரிப்பான், எதைக் கண்டு மிரள்வான், எந்தக் கையால் தட்டைத் தள்ளுவான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த அறையில் இருக்கிற வேறு யாருக்கும் அது தெரியாது. அதைச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும், ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வையுங்கள். கைநாட்டு வைத்த மனுவும் மனுதான். பிரதியைத் திரும்ப வாங்கும்போது சீல் இருக்கிறதா, அதில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தேதி இல்லாமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காதீர்கள்.