பிஎஸ்-6 லாரியில் டிபிஎஃப் அடைத்துக்கொண்டால் உடனே மாற்ற வேண்டுமா?

டிபிஎஃப் என்பது டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி. டீ வடிகட்டியில் தூள் சேர்ந்தால் டீ இறங்காதல்லவா, அதே கதைதான். சேர்ந்த கரியை எரிக்க வண்டி கொஞ்சம் டீசலைச் செலவழித்து 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றும். மதுரைக்கு நான்குவழிச் சாலையில் ஓடும் வண்டிக்கு இது எளிது. நெல்லை டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே நின்று நின்று சரக்கு இறக்கும் வண்டிக்கு இந்த எரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். அதனால் முதலில் கரியை எரிக்கவோ சுத்தம் செய்யவோ பாருங்கள். டர்போவில் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) ஆயில் கசிந்தால் புது வடிகட்டியும் அடைத்துக்கொள்ளும். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பார்வைக்கு ஒத்திருப்பது போதாது. பாகத்தின் எண் பொருந்த வேண்டும். கேஸ்கெட், கிளாம்ப் புதிதாகப் போடுங்கள்.

அப்புறம், வடிகட்டியைக் கழற்றி வெறும் குழாய் வைத்தால் மைலேஜ் கூடும் என்பார்கள். ஆனால் சென்சார் கண்டுபிடித்து இழுவையைக் குறைத்துவிடும், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) சோதனையிலும் மாட்டும்.