சுட்டுத் தள்ளினால் சரியாகிவிடுமா? (வாசகர் கேள்வி - பதில்)

கஞ்சா விற்பவனைப் பிடித்து நடுரோட்டில் நாலு பேரைச் சுட்டால் ஐந்தாவது ஆள் விற்பானா? சிங்கப்பூரில் தூக்கில் போடுகிறார்களே! (லாரி உரிமையாளர், தொப்பூர்)

உங்கள் ஆத்திரம் புரிகிறது. தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினாலே தூக்குதான், சரி. ஆனால் அங்கே தொங்குவது யார்? 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழ் இளைஞர் தொடையில் கட்டிக்கொண்டு போன ஹெராயின் 43 கிராம்கூட இல்லை, அவருடைய ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, வெறும் 69 என்று கோர்ட்டிலேயே பேசப்பட்டது. சரக்கின் முதலாளி எந்தக் காலத்தில் தொடையில் கட்டிக்கொண்டு செக்போஸ்ட் தாண்டினான்? பிலிப்பைன்ஸில் டுடெர்டே 2016-ல் ஆட்சிக்கு வந்து நீங்கள் சொன்னதையே செய்து பார்த்தார். போலீஸ் சுட்டதில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்தார்கள் என்று அந்த அரசே கணக்குச் சொன்னது, பெரும்பாலும் குடிசைப் பகுதி ஆட்கள். 2025 மார்ச்சில் அவரையே பிடித்து ஹேக் நகர சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நம் சட்டம் ஒன்றும் சாதுவானது கிடையாது. 1985-ல் வந்த என்டிபிஎஸ் என்ற போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 வருஷம், ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. இதுபோக ஒரு வருஷம் வரை உள்ளே வைக்க குண்டாஸ் இருக்கிறது. கடுமை போதவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆந்திரா-ஒடிசா மலையிலிருந்து பழுப்பு டேப் சுற்றி வரும் பார்சலில் எத்தனை மாட்டுகிறது, மாட்டியவனை வைத்து அனுப்பியவன் வரைக்கும் போகிறார்களா, கேஸ் கோர்ட்டில் நிற்கிறதா, இதைத்தான் கேட்க வேண்டும். ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் எல்லா லாரிக்கும் தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தால் வண்டி வரிசை கர்நாடகப் பக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டிவிடும், அது நடக்காத காரியம். தகவல் கிடைத்துத்தான் பிடிக்க முடியும்.

நீங்கள் லாரி வைத்திருப்பதால் ஒன்று. "ஒரே ஒரு பார்சல்தான்ணே, கிருஷ்ணகிரியில் ஆள் வந்து வாங்கிக்குவான்" என்று வழியில் ஒருவன் கொடுப்பதை டிரைவர் ஏற்றிக்கொண்டால் வண்டியே பறிமுதலாகலாம். உங்களுக்கும் டிரைவருக்கும் தெரியாமல் நடந்தது, தேவையான எச்சரிக்கையோடுதான் இருந்தோம் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். டிரைவரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

வடக்கே கஞ்சா இலையில் அரைக்கும் பாங்கு கடையிலேயே கிடைக்கிறதாமே, அது மட்டும் என்ன புண்ணியம் செய்தது? (கல்லூரி மாணவர், ஊத்தங்கரை)

செடியின் பூவும் காயும் உள்ள நுனிதான் சட்டத்தின் கண்ணில் கஞ்சா. வெறும் இலையும் விதையும் அதில் வராது, பாங்கு இலையில் அரைப்பது. அதற்காக ஊத்தங்கரையில் அரைக்கக் கிளம்பாதீர்கள், மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

கஞ்சாவையும் டாஸ்மாக் மாதிரி அரசே விற்றால் கள்ளச் சந்தை ஒழியும் என்கிறான் என் மகன். கனடாவில் அப்படித்தானாம். (ஓய்வு பெற்ற ஆசிரியர், ஓசூர்)

மகன் முழுத் தப்பும் இல்லை. கனடா 2018-ல் கடை திறந்தது, பெரும்பாலான வாங்கல் மெல்ல மெல்லக் கடைப்பக்கம் வந்தது. அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் 1969-ல் கேட்டபோது கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாம் என்றவர்கள் 12 சதவீதம், 2023-ல் 70. தாய்லாந்து 2022-ல் கதவை அகலத் திறந்துவிட்டு, முட்டுச்சந்தெல்லாம் கஞ்சாக் கடை வந்த பிறகு 2025-ல் டாக்டர் சீட்டு இருந்தால்தான் என்று பாதிக் கதவைச் சாத்தியது.

ஆனால் இந்தப் பாடத்தை நமக்குக் கனடாக்காரன் நடத்த வேண்டியதில்லை. உங்கள் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரரான ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான், அதில் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் அடக்கம். மூடியும் பார்த்தோம், திறந்தும் பார்த்தோம், 2003-லிருந்து அரசே கல்லாவில் உட்கார்ந்திருக்கிறது. அப்படியும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். டாஸ்மாக் குவார்ட்டருக்குக் காசில்லாத கூலிக்காரன் பாக்கெட் சாராயத்துக்குத்தான் போவான், கஞ்சாக் கடை திறந்தாலும் அதே கதைதான். அதைவிடப் பெரிய பயம், வருமானம் வர ஆரம்பித்த பிறகு எந்த அரசுக்கும் கடையைக் குறைக்க மனசு வராது. விற்பனையைச் சட்டபூர்வமாக்குவதற்கு என் ஓட்டு இல்லை. புகைத்தவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் விடுவதற்கு உண்டு. போர்ச்சுகல் 2001-லிருந்து அப்படித்தான், விற்பவன் இன்றும் அங்கே குற்றவாளி.

கொலை நடந்தாலே "கஞ்சா போதையில்" என்று செய்தி வருகிறதே, அவ்வளவும் உண்மையா? (பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்)

சிலது உண்மை, சிலது எழுத வசதியாக இருக்கிறது. 2019-ல் வெளியான மத்திய அரசின் ஆய்வில் மது குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, கஞ்சா வகையறா எடுப்பவர்கள் சுமார் 3 கோடி. பெண்டாட்டியை அடிப்பவன், வரப்புத் தகராறில் அரிவாள் எடுப்பவன் பெரும்பாலும் எதைக் குடித்திருந்தான் என்று ஊருக்குத் தெரியும், ஆனால் அதைத் தலைப்பில் போட யாருக்கும் ஆர்வமில்லை. கஞ்சாவை ஒட்டி நடக்கும் வெட்டுக்குத்தில் வியாபாரத்தின் பங்கையும் பாருங்கள். யார் ஏரியா, யார் பாக்கி, யார் போலீசுக்குப் போட்டுக்கொடுத்தான் என்பதில்தான் கத்தி வெளியே வருகிறது. தகவல் சொன்னவன் பெயர் ஸ்டேஷனிலிருந்தே கசிந்தால் அடுத்த முறை எவன் வாயைத் திறப்பான்?

பிளஸ் டூ படிக்கும் மகனின் பையில் பேப்பரில் மடித்த பொட்டலம் பார்த்தேன். வெளியே தெரிந்தால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று தூக்கமே இல்லை. (ஒரு தாய், பென்னாகரம்)

அம்மா, முதலில் பதறாதீர்கள், அவன் அப்பாவிடம் பெல்ட்டைக் கொடுக்காதீர்கள். ஒரு கிலோ வரை சட்டத்தில் சிறிய அளவுதான். அதற்கும் ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு, ஆனால் அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் இப்படிப்பட்ட சிறிய வழக்கிலிருந்து விலக்கு தரும் 64ஏ என்ற பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது, இது ஊரில் யாருக்கும் தெரிவதில்லை. தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போக வெட்கமாக இருந்தால் முதலில் 14446-க்குப் போன் செய்து பேசுங்கள், காசு கிடையாது. எத்தனை நாளாக, யாரோடு, காசு எங்கிருந்து என்று அவனிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் வாய் திணறும், அங்கேதான் விடாமல் நிற்க வேண்டும், ஏனென்றால் காசில்லாத பையனை விற்கச் சொல்லித்தான் பெரும்பாலும் உள்ளே இழுக்கிறார்கள்.

மகன் வயசுப் பையன்கள் வந்து வலி மாத்திரை அட்டை அட்டையாகக் கேட்கிறார்கள். இல்லை என்றால் முறைக்கிறார்கள். முதலாளி "கொடுத்துவிடு" என்கிறார். (மெடிக்கல் ஷாப் ஊழியர், கிருஷ்ணகிரி)

கொடுக்காதீர்கள். டேபென்டடால் மாதிரி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டு உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்து மாட்டினால் கவுன்டரில் நின்ற நீங்களும் முதலாளியோடு சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும். "சீட்டு கொண்டு வா தம்பி" என்ற ஒரே பதிலோடு நில்லுங்கள். அப்படியும் மிரட்டினால், அல்லது முதலாளியே மொத்தமாகத் தள்ளிவிடுகிறார் என்றால், போதைப்பொருள் புகாருக்கான 10581 எண்ணில் சொல்லுங்கள், கடை போனிலிருந்து வேண்டாம். அப்புறம் வேறு கடையில் வேலை பாருங்கள்.