அப்பாவின் 400 பாட்டு: விலைக்கு வாங்குவதா, சந்தா கட்டுவதா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. பழைய சினிமாப் பாடல்கள் மட்டும்தான் கேட்பார். எண்ணிப் பார்த்தால் 400 தேறும். வீட்டிலும் காரிலும் கேட்க வேண்டும். மாதச் சந்தா போடலாமா, பாட்டுகளை வாங்கிவிடலாமா?

பதில்: பாட்டு ஒன்று 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 400 பாட்டுக்கு 6,000 ரூபாய். சந்தா மாதம் 120 என்றால் நான்கு வருஷம் இரண்டு மாதத்தில் அதே 6,000 போய்விடும். அதற்கு மேலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒரு புதுப்பாட்டு தேடும் ஆளுக்குச் சந்தாதான் லாபம். உங்கள் அப்பாவின் பட்டியல் இனி பெரிதாக வளராது. அதனால் வாங்குங்கள் என்பேன்.

காசு மட்டும் காரணமில்லை. எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பாடல்கள் இன்று சரிகமா நிறுவனத்தின் வசம் இருக்கின்றன. 2019இல் ஸ்பாட்டிஃபையோடு ஒப்பந்தம் படியாமல் அவை அந்தச் செயலியிலிருந்து இறங்கின. திரும்பி வர 2020 ஆனது. சந்தா கட்டியவர்கள் கட்டியபடியேதான் இருந்தார்கள். போனில் இறக்கி வைத்தாலும் நம்முடையது ஆகாது: 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் தலைகாட்டாவிட்டால் ஸ்பாட்டிஃபையில் இறக்கியவை ஓடாது.

விற்கிற கடையும் மூடப்படலாம். ஃபிளிப்கார்ட் 2012இல் தொடங்கிய ஃபிளைட் என்ற இணையப் பாட்டுக்கடை அடுத்த வருஷமே மூடப்பட்டது. ஆனால் அங்கே விற்றது பூட்டில்லாத, அதாவது நகலெடுக்கத் தடையில்லாத எம்பி3. இறக்கிப் பத்திரப்படுத்தியவர்களுக்கு நஷ்டமில்லை. நீங்களும் வாங்கிய அன்றே கோப்பை இறக்கி, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள்.

வாங்க ஓர் இடம் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இணையக் கடை. அதற்கு ஐபோன் தேவையில்லை, விண்டோஸ் கணினி போதும். அங்கே விற்கும் பாட்டுகளுக்கு 2009 முதல் பூட்டு கிடையாது. நான்கு நிமிடப் பாட்டு சுமார் 8 எம்பி. 400 பாட்டும் 8 ஜிபி பென் டிரைவில் தாராளமாக அடங்கும். கோப்பு எம்4ஏ வகையில் வரும். சில கார் செட்டுகள் அதைப் படிக்காது, எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

வாங்குமுன் ஒரே ஒரு மாதம் சந்தா போடுங்கள். இது சோதனைக்குத்தான். பழைய பாட்டில் ஒரே தலைப்பில் நாலைந்து பதிவுகள் கிடக்கும். சிலவற்றில் புதிதாகத் தாளம் சேர்த்திருப்பார்கள், சில வேறு யாரோ பாடியவை. அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எது அசல் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

"இதில் ஒரு சரணம் குறைகிறதே" என்று அவர் சொன்னால் ஞாபக மறதி என்று நினைக்காதீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்தக்கால இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். படத்தில் வந்த சரணம் தட்டில் விடுபட்டது உண்டு. அந்தச் சரணத்தைக் கடையில் தேட வேண்டாம். படத்திலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.