யாருடைய மரபணு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணனின் குழந்தைக்கு அகோண்ட்ரோபிளேசியா (கை, கால் எலும்புகள் குட்டையாக வளரும் பிறவி நிலை) என்று உறுதிசெய்திருக்கிறார்கள். அண்ணனும் அண்ணியும் சராசரி உயரம் உள்ளவர்கள். அதற்கான மரபணு அண்ணி வழியில் வந்திருக்க வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு விரைவில் திருமணம். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற அந்த மரபணு என்னிடமும் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டுமா? கர்ப்பகால உணவு காரணமாக இருக்குமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

உணவு காரணமல்ல. அதை அத்துடன் விட்டுவிடலாம்.

அந்த மரபணு உங்களிடம் இருக்கிறது; என்னிடமும், இதை வாசிக்கும் ஒவ்வொருவரிடமும், நான்காவது குரோமோசோமில் தாய் தந்த பிரதி ஒன்றும் தந்தை தந்தது ஒன்றுமாக இருக்கிறது. நோயின் பெயரால் மரபணுவை அழைக்கும் வழக்கம் எனக்கு நெடுநாள் எரிச்சல். எலும்பு அளவுமீறி வளராமல் தடுக்கும் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் ஏற்பி என்ற புரதத்தை உருவாக்குவதே அதன் பணி. அதை நீக்கிய எலிகளின் எலும்புகள் மிதமிஞ்சி நீண்டதை 1996இல் கண்டார்கள். அகோண்ட்ரோபிளேசியாவில் அந்த ஏற்பியின் 380ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக ஆர்ஜினின் என்ற மற்றொன்று அமர்ந்துவிடுகிறது. அதனால் தடை ஓயாமல் இயங்கி, குருத்தெலும்பு எலும்பாக வளரும் வேகம் குறைகிறது. 1994இல் கண்டறியப்பட்ட இந்த ஒரே மாற்றம்தான் இக்குழந்தைகளில் ஏறத்தாழ அனைவரிடமும் இருக்கிறது.

என் பள்ளித் தோழன் ஒருவனுக்கும் இதே நிலைதான். கர்ப்பத்தின்போது தான் படியில் தவறி விழுந்ததே காரணம் என்று அவனுடைய அம்மா கடைசிவரை நம்பினார். யாராவது அவனைத் திரும்பிப் பார்த்தால் தலைகுனிந்துகொள்வார். அவரிடம் மறுத்துச் சொல்லும் அளவுக்கு நான் படித்து முடித்தபோது அவர் இல்லை.

மரபணுவின் பெயரைப் பிழையின்றி எழுதத் தெரிந்த நீங்கள், ‘வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்’ என்று ஒதுங்கி நிற்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். இத்தகைய குழந்தைகளில் ஐந்தில் நால்வர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அக்குழந்தைகளிடம் மாற்றம் புதிதாகத் தோன்றுகிறது, அதுவும் அநேகமாக எப்போதும் தந்தையின் விந்தணுவில். தந்தையின் வயது கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடும். இதைப் படித்ததும் பழியை அண்ணன் தலைக்கு மாற்றிவிடாதீர்கள். விந்தணு உருவாகும்போது நேரும் எழுத்துப்பிழைக்கு எந்த மனிதனும் பொறுப்பல்ல.

பரிசோதனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். இம்மாற்றம் ஒரு பிரதியில் இருந்தாலே உடலில் வெளிப்பட்டுவிடும். உங்களிடம் வெளிப்படவில்லை என்றால் உங்களிடம் அது இல்லை. இன்றிரவு எல்லோரும் கூடியிருக்கும்போது, அண்ணியும் அங்கே இருக்க, இக்கடிதத்தை உரக்க வாசியுங்கள்.